மூக்கம்மா வீட்டுக் கம்பளம்

பால் கொள்முதல் நிலையத்தின் முன்மேடையில் அவள் வாயிலிருந்து வருவது மொத்தமே இரண்டு சொல்தான். ஒன்று "ஊத்து". மற்றது "திருப்பு". காலை ஏழு மணிக்குப் பால்காரர்கள் கேன்களோடு வரிசை கட்டி நிற்பார்கள். மூடி திறந்ததும் உள்ளேயிருந்து எழும் முதல் ஆவியைப் பிடிக்க வேண்டும். அதைத் தவறவிட்டால் அப்புறம் எல்லாப் பாலும் ஒரே பால்தான். அவள் மூடியைத் தூக்கி மூக்குக்கு நேரே ஒரு நொடி வைப்பாள். "ஊத்து" என்றால் பால் தொட்டிக்குள் போகும். "திருப்பு" என்றால் கேன் வந்த வழியே வீடு போகும்.

பத்தொன்பது வருஷமாக அங்கே அவளுக்கு மூக்கம்மா என்றுதான் பெயர். "இன்னொரு தடவை மோந்து பாருங்கம்மா, புண்ணியமாப் போகும்" என்று சிலர் கெஞ்சுவார்கள். அவள் எந்தக் கேனையும் இரண்டாம் தடவை மோந்ததில்லை. "ஒரு தடவை சொன்னா சொன்னதுதான். கேனைக் கொதிக்கிற தண்ணியில கழுவிட்டு நாளைக்கு வாங்க" என்பாள். பால் சங்கத் தலைவர் வீட்டுக் கேனையே ஒருநாள் திருப்பி அனுப்பியவள். தலைவர் முணுமுணுத்துக்கொண்டே போய், மறுநாள் கழுவின கேனோடு வந்து வரிசையில் நின்றார்.

அப்பேர்ப்பட்ட மூக்கை வீட்டில் ஒருத்தரும் ஒரு பொருட்டாக மதிக்கவில்லை. அதுதான் வயிற்றெரிச்சல்.

பத்து மாதமாக வீட்டுக் கூடத்தில் ஒரு நாற்றம். லேசுப்பட்ட நாற்றமில்லை. திரிந்த பாலில் துணியை முக்கி, பிழியாமல் பெட்டிக்குள் போட்டுப் பூட்டி, ஒரு வாரம் கழித்துத் திறந்தால் எப்படியிருக்கும்? அந்தக் கண்றாவி. முதலில் புளிப்பு, அதற்கடியில் கெட்ட வெண்ணெயின் காறல், அதற்கும் அடியில் பேர் வைக்க முடியாத ஓர் அழுகல். மழை நாளில் கேட்கவே வேண்டாம்.

முதலில் வாயைத் திறந்தவர் புருஷன்தான். ஓர் அலுவலகத்தில் தட்டச்சு வேலை. சரியான கல்லுளிமங்கன், என்ன கேட்டாலும் லேசில் பதில் வராது. அன்றைக்கு மட்டும் வந்தது.

"இது உன் மேலதான் வருது. நாள் பூரா பால்லயே கெடக்கறே. ஒட்டிக்கிட்டு வந்துடுது."

அவள் நம்பிவிட்டாள். நம்பாமல் என்ன செய்வாள்? நாற்றம் பால் நாற்றம்தான், அது அவள் மூக்குக்கே தெரிந்தது. அந்த வீட்டில் பாலோடு புழங்குகிறவள் அவள் ஒருத்திதான். வேலையிலிருந்து வந்ததும் கொல்லைக் குழாயடியிலேயே குளித்துவிட்டுத்தான் உள்ளே வந்தாள். சீருடையைத் தனி வாளியில் கொதிக்க வைத்தாள். செருப்பை வாசலுக்கு வெளியே விட்டாள். தலைமுடிதான் வாடையைப் பிடித்து வைக்கிறது என்று யாரோ சொல்ல, இடுப்பு வரைக்கும் இருந்த முடியைக் கழுத்தோடு வெட்டிக்கொண்டு வந்தாள். பாவி, அதை வெட்டிய அன்றைக்குக்கூட அந்த மனுஷன் மூக்கைப் பொத்திக்கொண்டு, "இப்பவும் அடிக்குதே" என்றார்.

பதினான்கு வயது மகள் அப்பா சொன்னதைப் பிடித்துக்கொண்டாள். "அம்மா, நீங்க பள்ளிக்கூடத்துக்கு வராதீங்க. அப்பா வரட்டும்" என்றாள். மூக்கம்மா தன் படுக்கையைத் தூக்கிக்கொண்டு பின்னறைக்குப் போய்விட்டாள்.

ஒரு விஷயம் மட்டும் அவளுக்குப் பிடிபடவில்லை. பின்னறையில் நாற்றம் இல்லை. கூடத்தில் கால் வைத்தால்தான் அடிக்கும். அவரவர் நாற்றம் அவரவருக்குத் தெரியாது போலிருக்கிறது என்று நினைத்துக்கொண்டாள். மேடையில் நின்று எழுபது கேனுக்குத் தீர்ப்புச் சொல்கிறவளுக்கு இது புரியாதா என்று கேட்கலாம். பத்து மாதம் ஒருத்தியின் முகத்துக்கு நேரே "நாறுறே, நாறுறே" என்று சொல்லிப் பாருங்கள், எந்த மூக்கும் குழம்பிப் போகும்.

இவ்வளவுக்கும் அவருக்கு அவள் ஒரு குறையும் வைத்ததில்லை. போன வருஷம் வயிறு எரிகிறது என்று புலம்பினாரே, அன்றிலிருந்து நிலையத்தின் நல்ல பாலாகப் பார்த்துக் கொண்டுவந்து, மறுநாள் காலை ஆறு மணிக்குக் காய்ச்சி, வாடை தெரியாமலிருக்க ஏலக்காய் தட்டிப் போட்டு, கூடத்துச் சோபாவில் உட்கார்ந்திருக்கிறவர் கையில் கொடுப்பாள். அடுப்படி வேலையை முடித்துவிட்டு வந்தால் வாயைத் துடைத்துக்கொண்டே வெறும் டம்ளரை நீட்டுவார். அதைக் கழுவி வைத்துவிட்டு வேலைக்குக் கிளம்புவாள்.

ஒருநாள் காதுத் திருகு கழன்று கூடத்தில் விழுந்தது. அதைத் தேடி மண்டி போட்டுக் குனிந்தவளுக்கு முகத்திலடித்தது நாற்றம். கூடத்தில் சுவருக்குச் சுவர் விரித்த கம்பளம், பன்னிரண்டு வருஷத்துக்கு முன்னால் மச்சினர் வாங்கிக் கொடுத்தது. அதற்குத் துடைப்பத்தைத் தவிர வேறெந்த வைத்தியமும் நடந்ததில்லை.

"ஏங்க, நாத்தம் கம்பளத்துலதாங்க இருக்கு."

அவருக்கு மூக்குக்கு மேல் கோபம் வந்தது. "பன்னெண்டு வருஷம் நாறாத கம்பளம் இப்ப நாறுதா? உன் கால் பட்டுப் பட்டுத்தான் அதுவும் நாறுது. இந்த வேலையைத் தலைமுழுகினாத்தான் வீடு உருப்படும்."

மறுநாளே அலுவலகத்திலிருந்து ஒரு தாளைக் கொண்டுவந்தார். குடும்பக் காரணங்களை முன்னிட்டு வேலையிலிருந்து விலகுவதாக அவள் பேரில் ஒரு கடிதம். ஓர் எழுத்துப் பிழையும் இல்லாமல் அழகாகத் தட்டியிருந்தார். கையெழுத்து மட்டும்தான் பாக்கி. மூக்கம்மா அழவில்லை, கத்தவில்லை. ஒரே ஒரு நிபந்தனை வைத்தாள்.

"கம்பளத்தைச் சுத்தம் பண்ணிப் பாப்போம். அப்பவும் நாத்தம் போகலன்னா கையெழுத்துப் போடறேன்."

மாதக் கடைசி வரைக்கும் தவணை கொடுத்தார். அதற்குள் கம்பளம் சுத்தம் செய்கிற ஆளைக் கண்டுபிடிக்க வேண்டும். இல்லாவிட்டால் பத்தொன்பது வருஷ வேலை போய்விடும். அந்த மேடைதான் அவள் சொல்லுக்கு மதிப்பிருந்த ஒரே இடம்.

அதிசயமாக, முதல் ஆளைக் கணவரே பிடித்துக்கொண்டு வந்தார். விளக்குக் கம்பத்தில் ஒட்டியிருந்த நோட்டீஸைப் பார்த்துக் கூப்பிட்டாராம். வந்தவன் பளபளவென்று சட்டை போட்டிருந்தான். கையில் உறிஞ்சும் இயந்திரம் ஒன்று, தோளில் மருந்தடிக்கிற குப்பி ஒன்று. கால் மணி நேரம் வீடே அதிர இயந்திரத்தை இழுத்தான். கணவர் சோபாவை விட்டு எழுந்திருக்கவேயில்லை. "சோபாவையெல்லாம் நகர்த்த வேணாம்பா, நான் காலைத் தூக்கிக்கறேன், நீ பாட்டுக்கு அடிச்சிட்டுப் போ" என்று இரண்டு காலையும் தூக்கிக்கொண்டு உட்கார்ந்திருந்தார். அவன் மல்லிகை வாசனை மருந்தை நாலு பக்கமும் பீய்ச்சிவிட்டு, "இனிமே உங்க வீடு பூந்தோட்டம்" என்று சொல்லிப் போனான்.

பூந்தோட்டமாவது மண்ணாவது! சாயங்காலத்துக்குள் மல்லிகையும் அழுகலும் ஒன்றோடொன்று கலந்து புதிதாக ஒரு நாற்றம் பிறந்தது. செத்த எலிக்குப் பூ வைத்தது போலிருந்தது. மகள் வாசலுக்கு ஓடிப்போய் ஓங்கரித்தாள்.

"பாத்தியா?" என்றார் கணவர். "ஆளைக் கூப்பிட்டுப் பண்ணியாச்சு. கம்பளம் இல்ல, நீதான்."

"இது சுத்தம் பண்ணினதா? பூசி மெழுகினது. மாசக் கடைசிக்கு இன்னும் ஆறு நாள் இருக்கு" என்றாள் மூக்கம்மா.

கடைத்தெரு சலவைக்கடைக்குப் போன் போட்டாள்.

"கம்பளம் துவைக்கணுங்க."

"எத்தனை இருக்கு?"

"ஒண்ணுதான்."

"ஒண்ணுக்கு எதுக்கும்மா ஆள் வரணும்? மடிச்சுப் பையில போட்டு எடுத்துட்டு வாங்க."

"மடிக்கறதா? அது மேல சோபாவும் மேசையும் கெடக்குங்க!"

"கம்பளி மேல எதுக்கும்மா சோபாவைப் போட்டீங்க?"

கம்பளி இல்லை, கம்பளம் என்று அவள் கத்தியதும், "விரிக்கறதா? அதெல்லாம் இங்க ஆகாது" என்று வைத்துவிட்டான். இன்னொரு இடத்தில் மேல்பக்கம் மட்டும் நுரை போட்டுத் துடைப்பார்களாம். வேறொருத்தன் வருகிறேன் வருகிறேன் என்று மூன்று நாளை விழுங்கிவிட்டு வரவேயில்லை. தவணையில் இரண்டு நாள்தான் மிச்சம். கைப்பைக்குள் கடிதம் நாலாக மடித்துக் கிடந்தது.

நிலையத்தில் எடை போடுகிறவருக்குத் தராசு என்று பட்டப்பெயர். அவள் முகத்தைப் பார்த்துவிட்டு, "என்னக்கா, ரெண்டு நாளா 'ஊத்து'வுக்கும் சுரத்தில்ல, 'திருப்பு'வுக்கும் சுரத்தில்ல?" என்று கேட்டார். அவள் கம்பளக் கதையை மட்டும் சொன்னாள், மற்றதைச் சொல்லவில்லை.

"அட, இதுக்கா இவ்வளவு அலைச்சல்? லாரி நிறுத்தற இடத்துக்குப் பின்னாடி ஒரு துவைப்புக்காரர் இருக்காரு. கல்யாண மண்டபக் கம்பளமெல்லாம் அங்கதான் போகுது. போர்டு கிடையாது, போனும் கிடையாது. நேரா போங்க."

அன்றைக்கே போய்ச் சொல்லிவிட்டு வந்தாள். மறுநாள் அவளுக்கு அரை நாள் விடுப்பு. கணவர் அலுவலகம் போன பிறகு இரண்டு ஆட்கள் வண்டியோடு வந்து, சோபாவையும் மேசையையும் ஒதுக்கி, மளமளவென்று கம்பளத்தைச் சுருட்டினார்கள். சுருட்டச் சுருட்டக் கிளம்பிய வீச்சத்தில் கையாள் ஒருவர், "என்னம்மா, உள்ள ஏதாவது செத்துக் கெடக்கா?" என்று கேட்டார். அவள் கைக்குட்டையை மூக்கில் அழுத்திக்கொண்டு வண்டியிலேயே ஏறி உட்கார்ந்தாள்.

துவைப்புக்காரரின் முற்றம் சரிவான சிமெண்டுத் தரை. நாலைந்து கம்பளங்கள் நனைந்து கிடந்தன. ஆட்கள் நீளக்கழி வைத்த பலகையால் தண்ணீரைத் தள்ளத் தள்ள, கறுப்புக் குழம்பாக ஓடியது. முடிக்கற்றை, நகத்துண்டு, மென்று துப்பிய பசை, என்னவென்றே தெரியாத கட்டிகள். எல்லாம் மனுஷர்கள் மேலே உட்கார்ந்து சிரித்துப் பேசிய அழுக்கு. சீ என்று வந்தது மூக்கம்மாவுக்கு.

"நாத்தம் தாங்கலங்க" என்றாள்.

"எனக்கு அது தெரியாதும்மா. சோப்பும் சலவைக் காரமும் தின்னு மூக்கு போயி இருபது வருஷமாச்சு" என்றார் துவைப்புக்காரர். "எனக்குக் கண்ணுதான். கவுத்துப் போடுங்கப்பா!"

அதுதான் அவருடைய வழக்கம். எந்தக் கம்பளம் வந்தாலும் முதலில் குப்புறப் போடுவார். "மூஞ்சியை எல்லாரும் கூட்டிப் பெருக்கி வெச்சிருப்பாங்க. முதுகு பொய் சொல்லாது" என்று சொல்லிக்கொண்டே குனிந்து நடந்தார். இது டீ சிந்தினது, இது குழந்தை மூத்திரம் போனது, இது மழைச் சாரல் என்று காலால் ஒவ்வொன்றாகத் தொட்டுக் காட்டினார். ஒரு மூலையில் வந்து நின்றுவிட்டார்.

"இது என்னம்மா, இங்க மட்டும் ஊத்தியிருக்கீங்க?"

"ஊத்தினதா? சிந்தியிருக்கும்."

"சிந்தினா தெறிக்கும், சிதறும். ஒரு தடவை சிந்தினா ஒரு வளையம்தான் நிக்கும். இங்க பாருங்க, வளையத்துக்குள்ள வளையம், எண்ண முடியல. ஒரே இடம், ஒரே கை. தெனம் தெனம் கொஞ்சம் கொஞ்சமா ஊத்தினது."

ஆட்கள் அந்த மூலையைப் புரட்டி முகத்தைக் காட்டினார்கள். ஒரு தட்டு அகலத்துக்கு நூலெல்லாம் ஒட்டி, பழுப்பாக, புண்ணின் பொருக்குப் போல இறுகியிருந்தது. நடுவில் வெள்ளையாக எதுவோ நெளிந்தது. கையாள் ஒருவர் முகத்தைத் திருப்பிக்கொண்டார். மூக்கம்மா கைக்குட்டையை எடுத்துவிட்டாள். மண்டி போட்டாள். மேடையில் கேன் மூடியைத் தூக்குகிற அதே மாதிரி ஒரு நொடி குனிந்தாள்.

புளிப்பு. காறல். அழுகல். எல்லாவற்றுக்கும் அடியில், மெலிதாக, ஏலக்காய்.

நிலையத்துக்கு வருகிற எழுபது கேனில் ஒன்றிலும் ஏலக்காய் கிடையாது. அவள் உடம்பிலும் சீருடையிலும் வெட்டி எறிந்த முடியிலும் கிடையாது. அந்த வீட்டில் ஏலக்காய் போட்ட பால் ஒரே ஒரு டம்ளர்தான். விரலால் பொருக்கைக் கிளறினாள். தட்டிப் போட்ட ஏலக்காயின் தோல், சின்னச் சின்னதாக, நூலிடுக்கில் சிக்கியிருந்தது. அந்த மூலைக்கு மேலேதான் சோபாவின் கைப்பிடி. காய்ந்த வாயைத் தினமும் துடைத்துக்கொண்டு அவர் டம்ளரை நீட்டியது ஞாபகம் வந்தது. மூக்கம்மாவுக்கு அங்கேயே வாந்தி வந்தது.

துவைப்புக்காரர் ஒரு குவளைத் தண்ணீரைக் கொடுத்துவிட்டு, "இது போயிடும்மா. கொஞ்சம் மெனக்கெடணும், ஆனா போயிடும்" என்று ஆறுதலாகச் சொன்னார். அவள் வாயைக் கொப்பளித்தாள். கைப்பையிலிருந்து கடிதத்தை எடுத்து, ஏலக்காய்த் தோல்களைப் பொறுக்கி அதில் வைத்து மடித்துக்கொண்டாள்.

சாயங்காலம் கணவர் வீட்டுக்குள் நுழைந்தார். கூடம் வெறுந்தரையாகக் கிடந்தது. பத்து மாதத்தில் முதல் தடவையாக அங்கே எந்த வாடையும் இல்லை. கம்பளம் எங்கே என்று கேட்க வேண்டிய மனுஷன், நேரே அந்த மூலையைப் பார்த்தார்.

"சோபாவை யார் நகர்த்தினது?"

மூக்கம்மா கடிதத்தை மேசையில் பிரித்து வைத்தாள். அவர் தட்டிய அழகான எழுத்துகளின் மேல் பழுப்புத் தோல்கள் கிடந்தன.

"இது என்ன?"

"உங்க பால்ல நான் தட்டிப் போட்டது. கம்பளத்துலேருந்து பொறுக்கிட்டு வந்தேன்."

அவர் உட்கார்ந்துவிட்டார். "எனக்குப் பாலே பிடிக்காது. வாயில வெச்சாலே குமட்டும்" என்றார்.

"ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாமே."

"நீ ஆசையா கொண்டு வந்து குடுக்கறே. எப்படிச் சொல்றது?"

"அதைச் சொல்ல வாய் வரல. நான் நாறுறேன்னு சொல்ல மட்டும் வந்துச்சு."

"முதல்ல சும்மாதான் சொன்னேன். அப்புறம்..." அவர் தரையைப் பார்த்தார். "அப்புறம் எனக்கே அப்படித்தான் தோண ஆரம்பிச்சிருச்சு."

பொய் சொன்னதைக்கூடப் பொறுத்துக்கொள்ளலாம். பொய்யைச் சொல்லி, அதைத் தானே நம்பி, நிஜமாகவே அவளைப் பார்த்து மூக்கைப் பொத்தினாரே, அதுதான் அவளுக்கு அருவருப்பாக இருந்தது. கம்பளத்தில் நெளிந்தது இதற்கு எவ்வளவோ தேவலை என்று தோன்றியது. கழுத்தோடு நின்றுவிட்ட முடியைத் தடவிக்கொண்டாள்.

"இந்தக் கடிதாசியைத் தட்டின அன்னிக்குக் காலையிலயும் ஊத்தினீங்களா?"

அவர் கடிதத்தை மடிக்கக் கை நீட்டினார்.

"ஊத்தினீங்க" என்றாள்.

மகள் அறை வாசலில் நின்று எல்லாவற்றையும் கேட்டுக்கொண்டிருந்தாள். "அப்பா, நீங்களா?" என்றாள். அம்மாவின் பக்கம் திரும்பினாள். ஆனால் அம்மாவின் முகத்தைப் பார்க்க முடியாமல் உள்ளே போய்விட்டாள். மூக்கம்மா கடிதத்தை ஏலக்காய்த் தோலோடு சேர்த்துக் கசக்கிக் குப்பைக்கூடையில் போட்டாள்.

மறுநாள் காலை ஆறு மணிக்கு அவள் அடுப்படிக்குப் போனபோது அவர் ஏற்கெனவே பாலைக் காய்ச்சி வைத்திருந்தார். கல்யாணமாகி இத்தனை வருஷத்தில் அடுப்பைப் பற்றவைத்தது அன்றுதான். ஏலக்காயும் போட்டிருந்தார். டம்ளரைத் தூக்கி, கண்ணை இறுக மூடி, மடக் மடக்கென்று அவள் எதிரிலேயே குடித்தார். கண்ணில் தண்ணீர் வந்துவிட்டது.

"பாத்தியா? குடிச்சிட்டேன். இனிமே ஒரு சொட்டு கீழ விட மாட்டேன்" என்று வாயைத் துடைத்துக்கொண்டார். அன்றைக்குத்தான் அந்த வாய் நிஜமாகவே நனைந்திருந்தது.

மூக்கம்மா குளித்து, சீருடையை மாட்டி, பையைத் தோளில் போட்டுக்கொண்டு வாசல் வரைக்கும் போனாள். பின்னாலேயே வந்து நின்றவரைத் திரும்பிப் பார்த்தாள். கிட்டே வந்தாள். அவர் முகத்துக்கு நேரே மூக்கை ஒரே ஒரு நொடி வைத்தாள். நல்ல பால். நல்ல ஏலக்காய்.

"திருப்பு" என்றாள்.

பத்தொன்பது வருஷமாக அந்த மேடையின் கதைகளைக் கேட்டவர் அவர். அர்த்தம் சொல்ல வேண்டியிருக்கவில்லை.

"ஏய்... இன்னொரு தடவை..."

"ஒரு தடவை சொன்னா சொன்னதுதான்."

நிலையத்தில் கேன்களோடு வரிசை கட்டி நின்றிருப்பார்கள். கேனைக் கொதிக்கிற தண்ணியில் கழுவிவிட்டு நாளைக்கு வாங்க என்று பால்காரர்களுக்குச் சொல்கிற மிச்சத்தை அவருக்குச் சொல்லாமலே அவள் படியிறங்கிப் போனாள்.